லிடியா சாகவில்லை

கட்டிலின் மேல் சாம்பல் நிறப் புடவை ஒன்று மடிப்புக் கலையாமல் கிடந்தது. குளித்துவிட்டு வந்த பிரிஜெட் அதைப் பார்த்தாள். பிறகு அறை வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்தாள்.

"சாயந்திரம் அவங்க வரும்போது இதைக் கட்டிக்கோ," என்றாள் காந்தாமேரி. "ப்ளவுஸையும் இஸ்திரி போட்டு வச்சிருக்கேன்."

"ஏன், என் மாம்பழக் கலர் புடவைக்கு என்ன குறைச்சல்?"

"புருஷனைப் பறிகொடுத்தவ மஞ்சப் புடவையா கட்டுவா?"

பிரிஜெட் புருஷனைப் பறிகொடுக்கவில்லை. ஸ்டான்லி கே.ஆர்.புரத்தில் ஸ்கூட்டர் உதிரி பாகக் கடை வைத்துக்கொண்டு சௌக்கியமாகத்தான் இருந்தான். ஏழு வருஷம் அவனிடம் அடி வாங்கிய பிறகு பிரிஜெட் கோர்ட்டுக்குப் போய் விவாகரத்து வாங்கி, லிங்கராஜபுரத்தில் அம்மாவும் தம்பி ஓஸ்வால்டும் இருக்கும் வீட்டுக்குத் திரும்பி வந்திருந்தாள். அடிக்கிறான் என்ற காரணம் மட்டும் போதும் என்று கிறிஸ்தவப் பெண்களுக்குச் சட்டம் வழிவிட்டதே 2001-ல்தான். வழி திறந்ததும் வரிசையில் முன்னால் போய் நின்றவர்களில் அவளும் ஒருத்தி.

ஆனால் தம்பிக்குக் கோலார் தங்கவயலில் சம்பந்தம் பேசியபோது, மருமகன் மஸ்கட்டில் விபத்தில் போய்விட்டதாகக் காந்தாமேரி ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். அது நடந்தது போன வாரம். பிரிஜெட்டுக்கு நேற்றுத்தான் தெரிந்தது.

"நீ ஒண்ணும் பேச வேணாம்டி. டீயைக் குடுத்துட்டுத் தலையைக் குனிஞ்சிக்கினு நில்லு. அது போதும்."

"உயிரோட இருக்கறவனுக்கு நான் துக்கம் காக்கணுமா?"

"அவன் இருந்தா என்ன, செத்தா என்ன! நமக்குச் செத்தவன்தானே?"

"எனக்கு வேண்டாதவன். செத்தவன் இல்லம்மா. ரெண்டும் ஒண்ணு இல்ல."

ஓஸ்வால்ட் ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே வந்தான். கம்மனஹள்ளியில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கம்பெனியில் வேலை. முப்பது தாண்டிவிட்டது. இதுவரை மூன்று சம்பந்தம் தட்டிப் போயிருந்தது.

"அக்கா, ப்ளீஸ். விதவைன்னா பாவம்னு சொல்லுவாங்க. டைவர்ஸ்னா, அக்காவே இப்படி, தம்பி எப்படியோன்னு எழுந்து போயிடுவாங்க. ரோஸ்லினை எனக்குப் பிடிச்சிருக்கு. இது நின்னுபோனா என்னால தாங்க முடியாது."

"ரோஸ்லினுக்காவது உண்மை தெரியுமா?"

"கல்யாணத்துக்கப்புறம் சொல்லிக்கலாம்."

பிரிஜெட் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "நானா வாயைத் திறந்து எதையும் சொல்ல மாட்டேன் ஓஸ்வால்ட். அது உனக்காக. ஆனா யாராவது என்னைக் கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவேன். அது எனக்காக."

"உனக்கு உன் பிடிவாதம்தான் பெரிசு!"

அவன் வீசிய ஹெல்மெட் சோபாவில் விழுந்து, உருண்டு, தரையில் போய் நின்றது. காந்தாமேரி குனிந்து அதை எடுத்துத் துடைத்து மேஜைமேல் வைத்தாள்.

பிரிஜெட் மாம்பழக் கலர் புடவையைக் கட்டிக்கொண்டு, ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினாள்.

அவளுடைய ஆபீஸ் ஜோகுபாளையத்தில், ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில். அமெரிக்காவில் குடும்ப வரலாற்றுப் புத்தகம் போட்டுக் கொடுக்கும் ஒரு பதிப்பகத்துக்காக இங்கே சிலர் உட்கார்ந்து, அந்த நாட்டின் பழைய சென்சஸ் தாள்களையும் தேவாலயப் பதிவுகளையும் கம்ப்யூட்டர் திரையில் படித்துக்கொண்டிருந்தார்கள். யாருக்கு யார் மகன், எந்த வருஷம் எந்த ஊரில் இருந்தார்கள் என்று தலைமுறை தலைமுறையாகக் கோத்துக் கொடுப்பது வேலை. சரித்திரத்தில் எம்.ஏ. படித்த பிரிஜெட்டுக்கு அந்தக் கோழிக் கிறுக்கல் கையெழுத்துக்கள் பழகிப்போயிருந்தன.

இரண்டு மாதமாக அவள் கையில் இருந்தது ஹார்லோ குடும்பம்.

அந்தக் குடும்பம் வழிவழியாகச் சொல்லிவந்த கதை இதுதான். ஒஹையோ மாநிலத்தில் பண்ணை வைத்திருந்த அமோஸ் ஹார்லோவின் மனைவி லிடியா 1854-ல் விஷக் காய்ச்சலில் இறந்தாள். கைக்குழந்தை ஹன்னாவும் கூடவே போய்விட்டது. மனம் உடைந்த அமோஸ், மூத்த பிள்ளைகள் மூவரையும் கூட்டிக்கொண்டு இந்தியானா மாநிலத்துக்குப் போனான். அங்கே மறுமணம் செய்துகொண்டான். வருகிற கோடையில் ஹார்லோக்கள் அத்தனை பேரும் ஒன்றுகூடி லிடியாவுக்குப் புதிய கல்லறைக் கல் ஒன்று திறக்கப்போகிறார்கள். அன்றைக்கே புத்தகமும் வெளிவர வேண்டும்.

ஆனால் 1860 சென்சஸில், ஒஹையோவிலேயே வேறொரு ஊரில், செத்துப்போன லிடியா ஹார்லோ உயிரோடு இருந்தாள். தொழில், தையல். கூட ஆறு வயது மகள் ஹன்னா.

பெயர் ஒற்றுமையாக இருக்கும் என்றுதான் பிரிஜெட் முதலில் நினைத்தாள். அந்த மாவட்டத்துக் கோர்ட்டின் பழைய பதிவுகளை வரவழைத்துப் பார்த்தாள். லிடியா வழக்குப் போட்டிருந்தாள். கணவன் அமோஸ் அடித்துக் கொடுமைப்படுத்துகிறான் என்பது புகார். தீர்ப்பு அவள் பக்கம்.

அப்புறம்தான் 1880. லிடியா அப்போது அயோவாவில் இருந்தாள். அந்த வருஷத்து சென்சஸ் தாளில் விதவைக்கும் விவாகரத்தானவளுக்கும் சேர்த்து ஒரே கட்டம். விதவை என்றால் ஒரு கோடு. விவாகரத்து என்றால் 'டி' என்ற எழுத்து. அந்தப் பக்கத்தில் தனியாக வாழ்ந்த பெண்கள் எல்லாருக்கும் கோடு. லிடியாவுக்கு மட்டும் 'டி'.

விதவை என்று சொல்லியிருந்தால் யார் சரிபார்க்கப்போகிறார்கள்? அப்படிச் சொல்லிக்கொண்டு மரியாதையோடு வாழ்ந்த பெண்கள் அந்தக் காலத்தில் ஏராளம். லிடியா கதவைத் திறந்து, கணக்கெடுக்க வந்தவன் முகத்துக்கு நேராக உள்ளதைச் சொல்லியிருக்கிறாள். அந்த எழுத்தைப் பார்த்ததிலிருந்து பிரிஜெட்டுக்கு உள்ளுக்குள் என்னவோ நிமிர்ந்துகொண்டது.

"பிரிஜெட், ஒரு நிமிஷம் வாங்க," என்று கூப்பிட்டார் ராம்கி. ஆபீஸை நடத்துகிறவர். மல்லேஸ்வரத்துக்காரர். யாரையும் அதிர்ந்து பேசாதவர். அன்றைக்கு அவர் முகம் வெளிறியிருந்தது. "ஹார்லோ நம்ம அறிக்கையைப் படிச்சுட்டார். ஒத்துக்க மாட்டேங்கறார். லிடியா 1854-ல இறந்தாங்கன்னு பழையபடி போட்டுக் கொடுக்கணுமாம். பதிப்பகமும் அதையேதான் சொல்றது."

"கோர்ட் தீர்ப்பை வச்சுக்கிட்டு எப்படி சார் அப்படிப் போடறது?"

"கோர்ட் தீர்ப்பை நாம பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கோங்க. கேக்கறவா கேக்கறதைக் கொடுக்கறதுதானே நம்ம வேலை?"

"ஒவ்வொரு அறிக்கைக்குக் கீழயும் 'பதிவுகளில் கண்டபடி'ன்னு ஒரு வரி போடறோமே. அதுக்குக் கீழ என் பேர் இருக்கே."

"உங்க பேரை எடுத்துடலாம். சுஹாஸ் பேரைப் போட்டுக்கலாம்."

பக்கத்து மேஜை சுஹாஸ் அவசரமாக ஹெட்போனை எடுத்துக் காதில் மாட்டிக்கொண்டான்.

"என் பேரை எடுத்துட்டா அந்தப் பொம்பளை செத்துடுவாளா சார்?"

ராம்கி நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அவர் லைன்லதான் இருக்கார். நேரா உங்ககிட்டயே பேசணுமாம். தயவுபண்ணி மரியாதையா, 'சரி பண்ணிடறோம்'னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ. இந்தப் பதிப்பகம் போனா ஆபீஸையே இழுத்து மூட வேண்டியதுதான்."

ஸ்பீக்கரில் ஒரு முதியவரின் குரல் வந்தது. ஓய்வு பெற்ற பள்ளி முதல்வர். ஹார்லோ குடும்பச் சங்கத்தின் தலைவர். லிடியாவின் மூத்த மகன் வழி வந்தவர். ஆங்கிலத்தில் நிதானமாகப் பேசினார்.

"எங்கள் குடும்பத்தில் நூற்றைம்பது வருஷமாகச் சொல்லிவந்ததை, எங்களைப் பார்த்தே இராத நீங்கள் மாற்றப் பார்க்கிறீர்கள்."

"நான் மாத்தலை சார். மாத்தினது அமோஸ். நான் இருந்ததை இருந்தபடி சொல்றேன்."

"லிடியாவுக்குக் கல்லறை இருக்கிறது, அம்மா. சின்ன வயதில் நானே அங்கே பூ வைத்திருக்கிறேன்."

"அந்தக் கல்லுக்குக் கீழே யாரும் இல்லை சார்." பிரிஜெட் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்தாள். "அவங்க துணி தைச்சு மகளைப் படிக்க வச்சாங்க. ஹன்னா அயோவாவில டீச்சரா இருந்தாங்க. உங்க கொள்ளுத் தாத்தாவோட கூடப் பிறந்தவங்க. அவங்க வழியில உங்களுக்குச் சொந்தக்காரங்க இன்னைக்கும் அங்க இருக்கலாம்."

ஸ்பீக்கரில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எங்கள் முன்னோரைப் பெண்டாட்டியை அடித்தவர் என்று அச்சடிக்கச் சொல்கிறீர்களா? அந்தக் கூட்டத்துக்குக் குழந்தைகளும் வருவார்கள்."

"பெண் குழந்தைகளும் வருவாங்க இல்லையா சார்?"

"எங்கள் குடும்பத்தைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்?"

"உங்க குடும்பத்தைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. இந்த ஒரு பொம்பளையைப் பத்தித் தெரியும். அவங்க விதவைன்னு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லலை. அவங்களே சொல்லாத பொய்யை நான் சொல்ல மாட்டேன்."

மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

ஆபீஸ் முழுக்க அவளையே பார்த்தது. எதிர் மேஜையில் இருந்த ருக்மிணி, கன்னடக்காரி, வாயில் கை வைத்துக்கொண்டு, "ஹேளே பிட்டெயல்லா!" என்றாள். சொல்லியே விட்டாயே என்று.

"திங்கக்கிழமை வரைக்கும் யோசிங்கோ," என்றார் ராம்கி. கெஞ்சலாகத்தான் சொன்னார். "அதுக்கப்புறம் என் கையில இல்லை."

"யோசிச்சாச்சு சார்."

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து, அறிக்கையை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், கீழே தன் பெயரோடு பதிப்பகத்துக்கு அனுப்பினாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த ராம்கி தடுக்கவில்லை. வாழ்த்தவும் இல்லை. திங்கட்கிழமை இந்த நாற்காலி தனக்கு இருக்குமா என்று தெரியாமலே பிரிஜெட் படியிறங்கினாள்.

அவள் வீட்டுக்கு வந்து முகம் கழுவி முடிப்பதற்குள் சம்பந்திகள் வந்துவிட்டார்கள்.

சவரியப்பன், தங்கவயல் சுரங்கத்தில் போர்மேனாக இருந்தவர். சுரங்கம் மூடிய பிறகும் நடையில் அந்த அதிகாரம் குறையவில்லை. அவர் மனைவி லூர்துமேரி, கையில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டே பேசுகிற அம்மாள். பெண் ரோஸ்லின் பெங்களூரிலேயே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்றைக்கு டியூட்டி என்பதால் வரவில்லை.

பேக்கரி பப்ஸும் தில்பசந்தும் தட்டில் வந்தன. மாப்பிள்ளை வீடு எப்படி இருக்கிறது என்று சவரியப்பன் சுற்றிப் பார்த்தார். ஓஸ்வால்ட் கூடவே போய், மாடி கட்டப் போகிற இடத்தைக் காட்டினான். எல்லாம் நன்றாகவே போய்க்கொண்டிருந்தது.

பிரிஜெட் டீயைக் கொடுத்தாள். கட்டியிருந்தது மாம்பழக் கலர் புடவைதான். காந்தாமேரி கண்ணாலேயே அவளைச் சுட்டாள். ஆனால் லூர்துமேரிக்குப் புடவை கண்ணில் படவே இல்லை. டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, பிரிஜெட்டின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"எவ்வளவு சின்ன வயசும்மா உனக்கு! கேள்விப்பட்டதுல இருந்து எனக்குத் தூக்கமே இல்ல. போன வெள்ளிக்கிழமை எங்க பங்குக் கோவில்ல உன் வீட்டுக்காரரோட ஆத்துமாவுக்காக ஒரு பூசை ஒப்புக்குடுத்தோம். சாமியாரு பேர் சொல்லி உருக்கமா ஜெபம் பண்ணாரு."

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்..." என்று இழுத்தாள் காந்தாமேரி.

"இதுல என்னங்க சிரமம்? இனிமே வருஷா வருஷம் வைக்கப்போறேன்." லூர்துமேரி பிரிஜெட்டின் கையைத் தடவினாள். "எந்தத் தேதிம்மா போனாரு? தேதி தெரிஞ்சா சரியா அன்னைக்கே வைக்கலாம்."

கேட்டுவிட்டாள்.

பிரிஜெட் தம்பியைப் பார்த்தாள். ஓஸ்வால்டின் கண்கள் கெஞ்சின. அம்மா சமையலறை வாசலில் அப்படியே நின்றாள். ஒரு தேதி. ஏதோ ஒரு தேதியைச் சொன்னால் போதும். இந்த அம்மாள் ஆயுசு முழுக்க அந்தத் தேதியில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள்.

"அவர் போகலைங்கம்மா," என்றாள் பிரிஜெட். "உயிரோடதான் இருக்கார்."

லூர்துமேரிக்குப் புரியவில்லை. "என்னம்மா சொல்றே?"

"கே.ஆர்.புரத்துல கடை வச்சிருக்கார். ஏழு வருஷம் என்னைப் போட்டு அடிச்சார். நான்தான் கேஸ் போட்டு விவாகரத்து வாங்கினேன். நீங்க பூசை வச்சதுக்கு நன்றிம்மா. அந்த ஆத்துமாவுக்கும் தேவைதான்."

தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

சவரியப்பன் டம்ளரை மேஜைமேல் வைத்தார். பிரிஜெட்டை அவர் பார்க்கவே இல்லை. "தம்பி," என்றார் ஓஸ்வால்டிடம். "உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எங்க பொண்ணுக்கு?"

"இல்ல."

எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவர் எழவில்லை. தாடையைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, சுரங்கத்தில் தகராறு தீர்த்துவைக்கிற போர்மேன் குரலில் பேசினார்.

"சரி. எல்லார் வீட்லயும் ஏதோ ஒண்ணு இருக்கும். ஊர்ல எல்லார்கிட்டயும் சொல்லியாச்சு, சாமியார்கிட்ட நாள் கேட்டாச்சு. கல்யாணம் நிக்க வேணாம். ஆனா ஒண்ணு. கல்யாணப் பத்திரிகையில இந்தப் பொண்ணு பேரு வரக்கூடாது. கோவிலுக்கும் வர வேணாம். யாராவது கேட்டா, மூத்தவ வெளியூர்ல இருக்கான்னு சொல்லிக்கலாம். அப்புறம் யாரும் கேக்க மாட்டாங்க. மறந்துடுவாங்க."

ஓஸ்வால்டின் முகத்தில் உயிர் வந்தது. பிரிஜெட் அதைப் பார்த்தாள். பார்த்திருக்க வேண்டாம் என்று நினைத்தாள்.

"சரிங்க மாமா," என்றான் அவன். "அக்காகிட்ட நான் பேசிக்கறேன். அக்கா எனக்காக..."

"டேய், நிறுத்து."

சொன்னது காந்தாமேரி. சமையலறை வாசலிலிருந்து கூடத்துக்கு வந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சவரியப்பனுக்கு எதிரில் வந்து நின்றாள்.

"பொய் சொன்னது நான்தாங்க. அவ சொல்லல. பையனும் சொல்லல. என் வாயால நான் சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு கேளுங்க."

"அதெல்லாம் இப்ப எதுக்கு..."

"கேளுங்க! என் மக கோவில்ல முதல் பெஞ்சுல உக்காரணும். தம்பிக்கு மாலை எடுத்துக் குடுக்கணும். டைவர்ஸ்னா ஓரமா நிக்க வைப்பீங்க, விதவைன்னா பாவம்னு உக்கார வைப்பீங்க. அதுக்காகத்தான் ஒரு ஆளைச் சாகடிச்சேன். அந்தப் பாவத்தை நான் சாமியார்கிட்ட சொல்லிக்கறேன். ஆனா என் மகளையே இல்லாம பண்றதுக்கா நான் பொய் சொன்னேன்?"

"அம்மா, கொஞ்சம் சும்மா இரு," என்றான் ஓஸ்வால்ட்.

"இருக்க மாட்டேன்டா! பத்திரிகை அடிச்சா எம் பேருக்குக் கீழ அவ பேரு இருக்கும். வேணாம்னா பத்திரிகையே வேணாம்."

சவரியப்பன் எழுந்தார். "யோசிச்சுப் பேசுங்கம்மா. உங்க பையன் வாழ்க்கை இது."

"ரெண்டு பேரையும் நான்தாங்க பெத்தேன்."

அவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார்கள். லூர்துமேரி கேட்டருகில் நின்று ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வந்தாள். கணவர் கூப்பிடவும் போய்விட்டாள்.

"ரெண்டு பேருமா சேர்ந்து என் தலையில மண்ணை அள்ளிப் போட்டுட்டீங்க!" ஓஸ்வால்ட் கத்தினான். சாவியை எடுத்தான். அவனுடைய பைக் தெருமுனை வரை உறுமிக்கொண்டு போவது கேட்டது.

தாயும் மகளும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். ஆறிப்போன பப்ஸை அம்மா இரண்டாகப் பிட்டு ஒரு பாதியை மகளிடம் நீட்டினாள்.

"எனக்கு வேலையும் இருக்குமான்னு தெரியலம்மா," என்றாள் பிரிஜெட்.

"அங்கேயும் யார்கிட்டயாவது உண்மையைச் சொன்னியா?"

பிரிஜெட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. லிடியாவின் கதையைச் சொன்னாள். ஒஹையோ, இந்தியானா என்று வந்த ஊர்ப் பெயர்களையெல்லாம் காந்தாமேரி கையசைத்துத் தள்ளினாள். அவளுக்கு வேண்டியது வேறு.

"மூத்த பிள்ளைங்க மூணு பேரையுமா விட்டுட்டு வந்தா?"

"அவங்க விடலம்மா. அவன் கூட்டிக்கிட்டு வேற ஊருக்குப் போயிட்டான். அம்மா செத்துட்டாங்கன்னு பிள்ளைங்ககிட்டச் சொல்லிட்டான்."

காந்தாமேரி பப்ஸைத் தட்டில் திரும்ப வைத்துவிட்டாள். "அப்ப அந்தப் பிள்ளைங்க தேடியே இருக்காதே," என்றாள் மெதுவாக. "செத்தவளை யாரு தேடுவாங்க?"

பிரிஜெட் நெருங்கி உட்கார்ந்தாள். அம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் அந்தத் தோள் தன் பக்கம் நின்றதாக அவளுக்குத் தோன்றியது.

டெலிபோன் மணி அடித்தது. பிரிஜெட் எடுத்தாள்.

"அக்கா, நான் ரோஸ்லின் பேசறேன்."

பிரிஜெட் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "சொல்லும்மா."

"டியூட்டி முடிஞ்சு ஹாஸ்டல்ல இருந்து பேசறேன். அப்பாவும் அம்மாவும் நேரா இங்கதான் வந்தாங்க. நடந்ததைச் சொன்னாங்க. ஓஸ்வால்டும் வந்து வெளியே நிக்கறார். நான் அவர்கிட்ட இன்னும் பேசல. முதல்ல உங்ககிட்டப் பேசணும்னு தோணுச்சு."

குரலில் அழுகை இல்லை. கோபமும் இல்லை. ஊசி போடுவதற்கு முன் நரம்பைத் தேடுகிற நர்ஸின் நிதானம் இருந்தது.

"டைவர்ஸ் ஆனவங்களோட தம்பியான்னு எனக்குக் கவலை இல்லக்கா. அப்பாவை நான் பார்த்துக்கறேன். பத்திரிகையில யார் பேர் வரும்னு நானும்தான் முடிவு பண்ணணும். ஆனா எனக்குக் கேஷுவால்ட்டியில டியூட்டி. படியில விழுந்தேன், பாத்ரூம்ல வழுக்கிட்டேன்னு சொல்லிக்கிட்டு வர்ற பொம்பளைங்களுக்குத்தான் தினமும் கட்டுப் போடறேன். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கேட்டா நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன்."

"கேளு."

"உங்க தம்பி கை நீட்டுவாரா?"



போன கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் அவள் நினைவுக்கு வந்தது. சம்பந்தம் ஒன்று தட்டிப்போன ஆத்திரத்தில் ஓஸ்வால்ட் குடித்துவிட்டு வந்திருந்தான். அம்மாவிடம் ஏதோ வாய் தகராறு. அம்மாவை நோக்கி ஓங்கிய கை, குறுக்கே பாய்ந்த பிரிஜெட்டின் தோளில் இறங்கியது. மறுநாள் காலையில் இருவர் காலிலும் விழுந்து அழுதான். அதற்குப் பிறகு அவன் குடித்ததில்லை. கையை ஓங்கியதும் இல்லை.

ஸ்டான்லியும் முதல் தடவை அப்படித்தான் அழுதான்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த காந்தாமேரிக்குப் போனில் வந்த குரல் கேட்டிருக்க வேண்டும். மகளின் முழங்கையைப் பிடித்தாள். சற்று முன் சவரியப்பனுக்கு எதிரில் நெருப்பாக நின்றவளின் முகத்தில் இப்போது பயம் மட்டுமே இருந்தது. வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். உதடுகள் சத்தமில்லாமல் அசைந்தன. "உன் தம்பிடி."

"அக்கா? லைன்ல இருக்கீங்களா?"

தூக்கி வளர்த்த தம்பி. தன் கேஸ் நடந்தபோது ஒவ்வொரு வாய்தாவுக்கும் பைக்கில் கூட்டிப்போய்க் கோர்ட் வாசலில் காத்திருந்தவன். பிரிஜெட் கண்களை மூடினாள். திறந்தபோது அம்மாவின் கை இன்னும் அவள் முழங்கையில்தான் இருந்தது. அதை மெல்ல எடுத்து, தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். விடவில்லை.

"இருக்கேன் ரோஸ்லின்," என்றாள். "அறைக் கதவைச் சாத்திட்டு உக்காரு. சொல்றேன்."